நோயாளியின் சொல்லைக் கணிப்பொறி கேட்குமா?

காஞ்சிபுரம் என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருபவை கோயில் கோபுரங்களும் பட்டுச் சேலைகளுமாகத்தான் இருக்கும். ஆனால் அந்நகரை அடுத்துள்ள காரப்பேட்டையில் நாள்தோறும் வேறொரு காரணத்துக்காக மக்கள் வந்து இறங்குகிறார்கள். அங்கே அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அது அரசு நடத்தும் மருத்துவமனை.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. காஞ்சியில் பிறந்து முதலமைச்சரான அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டது. 1968 செப்டம்பரில் அவர் நியூயார்க் சென்று, இன்று மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்று வழங்கும் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் காலமானார்.

அதே நியூயார்க் மருத்துவமனையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. அது புதிய மருந்து எதையும் சோதிக்கவில்லை. புதிய கதிர்வீச்சுக் கருவியையும் சோதிக்கவில்லை. "உடம்பு எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியை நோயாளியிடம் கணிப்பொறி வழியாகத் தவறாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதை மட்டுமே சோதித்தது. முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. இன்று பல நாடுகளில் இதற்கெனச் செயலிகளும் தானியங்கித் தொலைபேசிகளும் வந்துவிட்டன. நம் நாட்டிலும் இதைப் பற்றிய பேச்சு வளர்கிறது.

வாசகர்களே, விஞ்ஞானத்தில் ஒரு செய்தி பரவும்போது அதைப் பாராட்டுவது எளிது. அதை உரைத்துப் பார்ப்பதும் நம் கடமை. நியூயார்க்கில் பயன்பட்ட இந்த ஏற்பாடு, அண்ணா பிறந்த ஊரின் மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கும் பயன்படுமா? எந்த நிபந்தனைகளின்மீது பயன்படும்? எங்கே ஏமாற்றும்? இவற்றை ஆராய்வோம்.

30,240 நிமிடங்களில் 10 நிமிடம்

முதலில் சிக்கல் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை பல நோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகிறது. மூன்று வாரம் என்பது 21 நாள், அதாவது 30,240 நிமிடங்கள். இதில் டாக்டரின் முன் அமர்ந்து பேசும் நேரத்தைத் தாராளமாக 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 30,230 நிமிடங்களில் நோயாளியின் உடம்பில் நடப்பது டாக்டருக்குத் தெரியாது.

அந்த நாட்களில்தான் வாந்தி வருகிறது, வாய் வெந்து போகிறது, சாப்பாடு இறங்குவதில்லை, அசதி ஆளைச் சாய்க்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது பாதி மறந்துபோகும். மறக்காததையும் பலர் சொல்வதில்லை. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்லைங்க" என்பதே நம் ஊரின் வழக்கமான பதில். வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது தன் மலச்சிக்கலைச் சொல்லி டாக்டரின் நேரத்தைப் பிடிப்பானேன் என்ற கூச்சம் ஒரு காரணம். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் மற்றொரு காரணம்.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. மருந்தின் பக்கவிளைவுகளை நோயாளி உணரும் அளவுக்கும், டாக்டர் குறித்துக்கொள்ளும் அளவுக்கும் இடைவெளி இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. டாக்டரின் குறிப்பில் வலியும் அசதியும் குறைந்தே காணப்படுகின்றன. இரத்தத்தைச் சோதித்தால் அணுக்களின் எண்ணிக்கை தெரியும்; படம் எடுத்தால் கட்டியின் அளவு தெரியும். ஆனால் குமட்டலை அளக்கும் கருவி எதுவும் இல்லை. அதை அளக்கக்கூடியவர் அதை அனுபவிப்பவர் ஒருவரே.

நியூயார்க்கில் செய்து பார்த்தது

ஈதன் பாஷ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆராய்ச்சி இதுதான். 2007 முதல் 2011 வரை 766 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட புற்றுநோய் உடையவர்கள் இவர்கள். மார்பகம், நுரையீரல், சிறுநீர் உறுப்புகள், பெண்களின் இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றில் நோய் தொடங்கியவர்கள். குலுக்கல் முறையில் இவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவுக்கு அதே சிகிச்சையோடு கணிப்பொறிக் கேள்விகளும் உண்டு.

கேள்விகள் 12 தொல்லைகளைப் பற்றியவை. வலி, அசதி, குமட்டல், வாந்தி, பசியின்மை, மூச்சுத் திணறல், இருமல், பேதி, மலச்சிக்கல், கைகால் மரத்துப்போதல் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் நோயாளி பூஜ்யம் முதல் 4 வரை எண் கொடுக்க வேண்டும். தொல்லை கடுமையானாலோ, முன்னிருந்ததைவிட வெகுவாகக் கூடினாலோ கணிப்பொறி உடனே நர்ஸுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். டாக்டர் பார்க்கும் நாளில் அதுவரை வந்த விடைகள் அச்சிட்ட தாளாக அவர் மேசையில் இருக்கும். இவ்வளவுதான் ஏற்பாடு.

கேள்வி கேட்கப்பட்டவர்களில் 34 சதவீதத்தினருக்கு வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. மற்றப் பிரிவில் 18 சதவீதத்தினருக்கே மேம்பட்டது. ஓராண்டுக்குள் அவசரப் பிரிவுக்கு ஓட நேர்ந்தவர்கள் கேள்வி கேட்கப்பட்டோரில் 34 சதவீதம், மற்றவர்களில் 41 சதவீதம். மருந்துச் சிகிச்சையைத் தாங்கித் தொடர்ந்த காலம் சராசரியாக 6.3 மாதத்திலிருந்து 8.2 மாதமாக உயர்ந்தது. 2017இல் வெளியான கணக்கு இன்னும் வியப்பூட்டியது. இடைநிலை ஆயுட்காலம் ஒரு பிரிவில் 26 மாதம், கேள்வி கேட்கப்பட்ட பிரிவில் 31.2 மாதம்.

இடைநிலை என்பதை மாணவர்கள் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிரிவினரை ஆயுட்கால வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் அளவே இடைநிலை. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஐந்து மாதம் கூடுதலாகக் கிடைத்தது என்று பொருள் கொள்ளக்கூடாது. சிலருக்கு எதுவும் கூடியிராது. சிலருக்கு நிறையவே கூடியிருக்கும்.

வெறும் கேள்வி எப்படி ஆயுளை நீட்டியது? மந்திரம் எதுவும் இல்லை. நர்ஸுகளுக்குப் போன எச்சரிக்கைகளில் 77 சதவீதத்துக்கு அவர்கள் உடனே ஏதாவது ஒன்று செய்தார்கள். தொலைபேசியில் கூப்பிட்டு யோசனை சொன்னார்கள். வாந்தி மருந்தை மாற்ற ஏற்பாடு செய்தார்கள். மருந்தின் அளவைக் குறைக்க வைத்தார்கள். தொல்லை சிறிதாக இருக்கும்போதே தீர்க்கப்பட்டதால் நோயாளி சிகிச்சையை நடுவில் கைவிடவில்லை. கைவிடாததால் சிகிச்சையின் முழுப் பயனும் கிடைத்தது. இப்படித்தான் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

தராசின் மறுதட்டு

இனி மறுதட்டையும் பார்ப்போம். இது ஒரே மருத்துவமனையில், அதுவும் உலகின் மிக வசதியான மருத்துவமனைகளுள் ஒன்றில் நடந்த சோதனை. பிரான்ஸ் நாட்டில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் இணையம் வழியாக வாரந்தோறும் கேள்வி கேட்டு நடத்திய ஓர் ஆய்விலும் ஆயுட்காலம் கூடியது உண்மையே. ஆனால் பாஷ் குழுவினரே பின்னர் அமெரிக்காவின் 25 மாநிலங்களில், சாதாரணப் புற்றுநோய் மையங்கள் 52இல், 1,191 நோயாளிகளிடம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். நோயாளிகளின் நடமாட்டமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன, தொல்லைகள் கட்டுப்பட்டன, அவசரப் பிரிவுக்கு முதன்முறை போக நேர்ந்த நாள் தள்ளிப்போயிற்று. ஆனால் ஆயுட்காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? "கைப்பேசியில் பதில் சொன்னால் ஆயுள் கூடும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். அதற்குச் சான்று உறுதியாக இல்லை. "கேட்டுக் கவனித்தால் வேதனை குறையும், வாழும் நாட்கள் நன்றாக இருக்கும்" என்று சொன்னால் நம்பலாம். அதற்குச் சான்று மீண்டும் மீண்டும் கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது பயனே போதுமான பயன்தான்.

முதல் ஆராய்ச்சியில் இன்னொரு செய்தி புதைந்திருக்கிறது. நமக்கு மிகவும் வேண்டியது அதுதான். அந்த 766 பேரில் கணிப்பொறிப் பழக்கமே இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து பதில் அனுப்பவில்லை; மருத்துவமனைக்கு வந்தபோது அங்கிருந்த கருவியில் பதில் சொன்னார்கள். கணிப்பொறி பழகியவர்களைவிட இவர்களுக்கே பயன் அதிகமாக இருந்தது. "நம் மக்களுக்கு இதெல்லாம் வராது" என்று கையை உதறுவோருக்கு இதுவே பதில். தம் குறையை எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லாதவர்களிடம்தான் கேள்வி அதிகமாக வேலை செய்கிறது.

நெசவாளியின் விரல்

இப்போது காஞ்சிக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு நெசவாளியை எண்ணிப் பாருங்கள். குடலில் புற்றுநோய் கண்டு அறுவை முடிந்து, ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த மருந்தும், சிஸ்பிளாட்டின், பாக்ளிடாக்சல் போன்ற வேறு சில மருந்துகளும் நரம்பு நுனிகளைத் தாக்கும் குணம் உடையவை. முதலில் விரல் நுனியில் ஊசி குத்துவது போல் இருக்கும், பிறகு மதமதப்பு, பிறகு உணர்ச்சியே மங்கும். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீரில் கை வைத்தாலே சுரீரென்று இருக்கும்.

இந்த நரம்புப் பாதிப்பை முன்கூட்டியே தடுக்க உறுதியான மருந்து இன்றும் இல்லை. தக்க சமயத்தில் மருந்தின் அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோதான் வழி. அந்தச் சமயத்தை டாக்டருக்கு யார் சொல்வது? இரத்தப் பரிசோதனை சொல்லாது, படமும் சொல்லாது. இன்னொரு விபரீதமும் உண்டு. பிளாட்டின வகை மருந்துகளை நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு மரத்துப்போதல் கூடிக்கொண்டே போகக்கூடும். ஆகவே தாமதமாகச் சொன்னால் அதைத் திருப்ப வழியிராது.

அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு விரல் நுனி சற்று மங்கினால் அது தொல்லை. பட்டு நெசவாளிக்கோ அது பிழைப்பே போன மாதிரி. பாவில் ஓர் இழை அறுந்தால் தலைமயிரைவிட மெல்லிய அந்த நூலை விரலால் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். மேல்நாட்டு வினாத்தாள்களில் நரம்புப் பாதிப்பை அறிய "சட்டைப் பொத்தானைப் போடச் சிரமமாக இருக்கிறதா?" என்று கேட்பது உண்டு. நம் நெசவாளி "இல்லை" என்பார். அவர் வேட்டி கட்டியிருப்பார்; சட்டையே போட்டிருக்க மாட்டார். "அறுந்த இழையைப் பிணைக்க முடிகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை உடனே வெளிவரும். பொத்தானுக்குச் சிரமம் வருவதற்கு வெகு முன்னரே இழைக்குச் சிரமம் வந்திருக்கும்.

இங்கேதான் என் முதல் விமரிசனம் இருக்கிறது. வினாத்தாளைத் தமிழில் மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அது நோயாளி வாழும் வாழ்க்கைக்குப் பெயர்ந்து வர வேண்டும். "வலி பூஜ்யம் முதல் 10 வரை எவ்வளவு?" என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். "தூக்கம் கெடுகிறதா? தறியில் உட்கார முடிகிறதா? சோறு இறங்குகிறதா?" என்றால் நின்று பதில் சொல்வார்கள். அசதி, களைப்பு, சோர்வு, மயக்கம் ஆகிய சொற்களை ஆளுக்கொரு பொருளில் வழங்குகிறோம். "மயக்கமாக வருகிறது" என்று ஒருவர் சொன்னால் தலைசுற்றலா, நினைவு தப்பியதா, வெறும் சோர்வா என்று இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும். இந்த வேலையில் நம் நாட்டார் சும்மா இருக்கவில்லை. அடையாறு புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்திய நோயாளிகளுக்கென்றே ஒரு வாழ்க்கைத் தர வினாத்தாளை உருவாக்கிச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். அந்த வழியில் இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும்.

கட்டடத்தைப் பற்றியா, உடம்பைப் பற்றியா?

இரண்டாவது விமரிசனம், நாம் எதைக் கேட்கிறோம் என்பது பற்றியது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் 'மேரா அஸ்பதால்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. 'என் மருத்துவமனை' என்பது அதன் பொருள். குறுஞ்செய்தி, தானியங்கித் தொலைபேசி, செயலி, இணையம் ஆகியவற்றின் வழியாக நோயாளிகளிடம் கருத்துக் கேட்கும் திட்டம் இது. ஊழியர்கள் மரியாதையாக நடந்தார்களா, இடம் சுத்தமாக இருந்ததா, செலவு எப்படி என்பன போன்றவற்றை அது விசாரிக்கிறது.

இது தேவையான காரியம்தான். ஆனால் இது மருத்துவமனைக்கு நோயாளி போடும் மதிப்பெண். நாம் இதுவரை பேசியதோ நோயாளியின் உடம்பு மருத்துவமனைக்கு அனுப்பும் செய்தி. இரண்டையும் 'கருத்துக் கேட்பு' என்ற ஒரே பெயரால் அழைப்பதால் குழப்பம் வருகிறது. சுத்தத்தைப் பற்றிய குறையைப் பத்து நாள் கழித்துப் படித்தாலும் கெடுதல் இல்லை. காய்ச்சலைப் பற்றிய செய்தியைப் பத்து மணி நேரம் கழித்துப் படித்தால் உயிர் போகலாம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் பலருக்கு வெள்ளணுக்கள் மிகக் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் கண்டால் அது சாதாரணக் காய்ச்சலாக இருக்க வேண்டியதில்லை. கிருமிகள் தடையின்றிப் பெருகுவதன் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கு வாராந்தர வினாத்தாள் உதவாது. வினாத்தாளில் "காய்ச்சல்" என்று குறித்துவிட்டு, மருத்துவமனையில் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று நம்பி ஒருவர் வீட்டிலேயே படுத்திருந்தால், இந்தக் கருவியே அவருக்கு எமனாகிவிடும்.

மறுமுனையில் யார்?

மூன்றாவது விமரிசனமே மிக முக்கியமானது. காஞ்சி நகரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு அட்டையை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். துளை இருக்கிறது, துளை இல்லை என்ற இரண்டே குறிகளால் அன்னமும் மயிலும் யாளியும் சேலையில் வந்துவிடுகின்றன. இன்றைய கணிப்பொறியின் அடிப்படையும் அதே இரண்டு குறிகள்தாம். ஆனால் அட்டைக்கு வடிவம் மட்டுமே தெரியும். இழை அறுந்தது தெரியாது. அதைக் கண்டு தறியை நிறுத்தி முடிச்சுப் போடுபவர் நெசவாளியே. கவனிக்காமல் ஓட்டினால் குறை முழம் முழமாக நீண்டுகொண்டே போகும்.

நோயாளியின் கைப்பேசியும் அப்படித்தான். நியூயார்க்கில் பயன் கொடுத்தது மின்னஞ்சல் அன்று. அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்த நர்ஸ். அந்த நர்ஸுக்கு அதற்கென நேரம் இருந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களுக்கு ஓடுகிறார் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். புதிதாக ஒருவரைக்கூட நியமிக்காமல் ஆயிரம் நோயாளிகளின் எச்சரிக்கைகளை அவர் மேசையில் கொட்டினால், முதல் வாரம் படிப்பார். இரண்டாம் வாரம் தள்ளிவைப்பார். பதில் வராத நோயாளி மூன்றாம் முறை பதில் சொல்லமாட்டார். "சொல்லி என்ன பயன்?" என்ற பழைய முடிவுக்கே திரும்பிவிடுவார். கேட்காமல் இருப்பதைவிடக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது கெடுதல்.

யாருடைய கைப்பேசி?

நான்காவதாக ஒரு சங்கடம் உண்டு. பல வீடுகளில் நல்ல கைப்பேசி மகனிடம் இருக்கும். அவர் வேலைக்குப் போயிருப்பார். கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள ஒரு தாய், இரத்தப் போக்கைப் பற்றிய கேள்விக்கு மகன் கையால் பதில் எழுத வைப்பாரா? மேலும், நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த வீட்டுக்குப் "புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம்" என்று தானியங்கிக் குரல் அழைத்தால் என்ன ஆகும்? இந்தச் செய்திகள் யார் கைக்குப் போகின்றன என்ற கேள்வியும் இருக்கிறது. தனிநபர் தகவல்களைக் காக்க 2023இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் இன்னது சேகரிக்கிறோம், இதற்காகச் சேகரிக்கிறோம் என்று நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்லிச் சம்மதம் கேட்பதைச் சட்டம் தானாகச் செய்துவிடாது. மனிதர்கள்தாம் செய்ய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் விடை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சியிலேயே, இணையமா சாதாரணத் தொலைபேசியா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தொலைபேசிக் குரலையே விரும்பினார்கள். எழுத்தறியாதவரும் எண்ணை அழுத்திப் பதில் சொல்லலாம். அதுவும் இயலாதவருக்கு, மருத்துவமனைக் கூடத்தில் ஒரு கருவியும் பக்கத்தில் உதவிக்கு ஒருவரும் போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம், நீரிழிவு நோயாளிகளைப் பார்க்கிறார்கள். நோய் முற்றியவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் அடங்கும். அப்படி வாசலுக்கு வரும் ஒரு பெண்ணிடம் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட பட்டியல் இருந்தால், மகனின் கைப்பேசி தேவைப்படாது.

எனவே எந்த மருத்துவமனையாவது இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தால், அதன் திரை எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது கட்டடத்தைப் பற்றிக் கேட்கிறதா, உடம்பைப் பற்றியா? நோயாளியின் தொழிலும் பேச்சும் கேள்விகளில் இருக்கின்றனவா? எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யார் கூப்பிடுவார்? கைப்பேசி இல்லாதவருக்கு வழி என்ன? நான்குக்கும் பதில் இருந்தால் அதை வரவேற்கலாம். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற மூன்றும் வீண்.

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. உங்கள் வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருந்தால், மாணவர்களே, ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். நாளொன்றுக்கு ஒரு வரி. வலி, வாந்தி, சாப்பாடு, தூக்கம், மலம், விரல் உணர்ச்சி ஆகியவற்றை இல்லை, கொஞ்சம், அதிகம், தாங்கவில்லை என்று குறித்து வையுங்கள். அட்டையின்மீது காய்ச்சலின் அளவையும் மருத்துவமனைத் தொலைபேசி எண்ணையும் பெரிதாக எழுதுங்கள். அடுத்த முறை டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது, அப்பா "பரவாயில்லைங்க" என்று தொடங்குவார். நீங்கள் நோட்டைத் திறந்து மேசைமேல் வையுங்கள்.